கையெழுத்து மட்டும் அவர்களுடையது

செல்லத்துரை தம் வாழ்நாளில் முந்நூற்றுப் பதினோரு பேரை மேற்படிப்புக்கு அனுப்பிவைத்தார். அவர் பேராசிரியர் இல்லை. விசா ஏஜென்ட்டும் இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் லேப் அசிஸ்டென்ட். முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதியவர் அவர்தான். கையெழுத்துப் போட்டவர்கள் வேறு.

அந்தக் கல்லூரியில் அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒட்டப்படும், திட்டு மலையாளத்தில் விழும், வேலை தமிழில் நடக்கும். செல்லத்துரை மூன்றாவது பிரிவில் வந்தார்.

சொந்த ஊர் பெருமாட்டி. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தார். கூடவே ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் முடித்தார். வயர்மேன் படிப்பு அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. தட்டச்சு அவரை அந்த வேலையைப் பார்க்க விடவில்லை.

அவர் சேர்ந்த மூன்றாம் ஆண்டு டாக்டர் சிவதாசன் துறைத் தலைவராக வந்தார். வந்த மாதமே ஒரு மாணவன் வாசலில் நின்று, மேற்படிப்புக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றான். சிவதாசன் லேப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“செல்லத்துரை, இவனுக்கு ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டு வா. நல்லா எழுது.”

“என்னன்னுங் சார் எழுதறது?”

“நல்ல குட்டி என்னு எழுது. வேறே எந்தா?”

நல்ல பிள்ளை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் அறிவுரை. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

எழுதி எழுதிச் செல்லத்துரைக்கு ஆங்கிலம் வந்தது. ஒரே வகை ஆங்கிலம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து பாலக்காட்டுக்கு வழி கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வெளிநாட்டுக்காரரின் விடாமுயற்சியையும் தலைமைப் பண்பையும் எவ்விதத் தயக்கமுமின்றிப் பரிந்துரைக்கத் தெரியும்.

சும்மாவும் எழுதிவிட மாட்டார். கடிதம் கேட்டு வரும் பிள்ளையை லேபுக்கு அழைத்து, “வா கண்ணு, இந்த மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் குடு பாக்கலாம்” என்பார். பிள்ளை வயரைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பார். ஃபியூஸ் போகாமல் மோட்டார் ஓடிவிட்டால், வகுப்பின் முதல் ஐந்து சதவீதம். ஃபியூஸ் போனாலும் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால், முதல் பத்து. இரண்டும் இல்லையென்றால், நேரம் தவறாதவர் என்று எழுதுவார். அவர் அகராதியில் அதைவிடக் கடுமையான வசை கிடையாது. கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் எதையும் படித்ததில்லை என்பதால், ஒரு துறையின் மொத்த மதிப்பீட்டு முறையும் ஒரு ஸ்டார்ட்டரை வைத்தே ஓடியது. நேர்மையாகவும் ஓடியது.

பிறகு காகிதம் போய் மின்னஞ்சல் வந்தது. பேராசிரியர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதுபோல. போனவர்கள் திரும்பவில்லை. செல்லத்துரை அவற்றை ஒரு பழைய லேப் ரெக்கார்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு கருத்தரங்கு நடக்கும். தலைப்பு: ‘பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?’ சிவதாசன் இரண்டு மணி நேரம் பேசுவார். ஸ்லைடு தயாரித்தவர் செல்லத்துரை. புரொஜெக்டர் பக்கத்தில் நின்று அதை நகர்த்துபவரும் செல்லத்துரை. முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருக்கும்: ‘உங்கள் வேலையை நேரில் கண்டவரிடம் கேளுங்கள். பதவியைப் பார்க்காதீர்கள்.’ மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் காலை வரிசையாகப் பிரின்சிபல் அறை வாசலில் நிற்பார்கள்.

செல்லத்துரையின் ஒரே மகள் ஆர்த்தி அதே கல்லூரியில் அதே துறையில் படித்தாள். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகளாகக் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். போன டிசம்பரில் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு பரிந்துரைகள் வேண்டும். இரண்டும் பாடம் நடத்திய ஆசிரியர்களிடமிருந்து. கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது பேச்சு வந்தது.

“ஜோமோள் மிஸ்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருக்கறனுங்கப்பா” என்றாள் ஆர்த்தி.

ஜோமோள் இடுக்கி மாவட்டம் சக்குபள்ளத்துக்காரர். கல்லூரியில் மூன்றாண்டு கெஸ்ட் லெக்சரராக இருந்தவர். ஆர்த்தியின் இறுதியாண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டி. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் ஒரு பாலிடெக்னிக்குக்குப் போய்விட்டார். அங்கேயும் கெஸ்ட்தான்.

செல்லத்துரை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“கெஸ்ட் லெக்சரரா? அம்மணி, அந்த யுனிவர்சிட்டில இருக்கறவன் மொதல்ல எதப் பாப்பான்? கீழ இருக்கற பேரத்தான் பாப்பான். பேருக்கு முன்னால டாக்டர் இருக்குதா, பின்னால என்ன பதவி போட்டிருக்குதுன்னு பாப்பான். பிரின்சிபல் ஒண்ணு, சிவதாசன் சாரு ஒண்ணு. முடிஞ்சுது.”

“ஏனுங், அந்தப் பிரின்சிபலுக்கு இவ யாருன்னாச்சும் தெரியுமா?” என்று கேட்டாள் அம்மா கற்பகம், குழம்பை ஊற்றிக்கொண்டே.

“அவரு கடைசி வருசத்துல ரெண்டு கிளாஸு எடுத்திருக்காரு. ரூலுக்கு அது போதும்.”

“நீங்கதானுங்கப்பா ஸ்லைடு போட்டீங்க” என்றாள் ஆர்த்தி. “பதவியப் பாக்காதீங்கன்னு.”

“அது ஸ்லைடு கண்ணு.”

அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது. கடிதங்களில் என்ன இருக்கும் என்று இந்த உலகத்தில் அவரளவுக்குத் தெரிந்தவர் இல்லை. எல்லாம் அவரே எழுதியவை. அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு கிடையாது என்று அவர் நம்பினார். ஒரு லேப் அசிஸ்டென்ட் தட்டுவதில் என்ன இருந்துவிடப் போகிறது? மதிப்பெல்லாம் கீழே வரும் பெயரில்.

ஆர்த்தி இரண்டு டாக்டர்களின் பெயரையும் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றினாள். கடிதத்தை யார் எழுதப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தாள். அந்தக் கல்லூரியில் படித்த எல்லாரும் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

ஜனவரி மூன்றாம் தேதி காலை செல்லத்துரை லேபைத் திறந்தார். மெயின் சுவிட்சைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வந்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் சோதனையைச் செய்து முடித்துவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கல்லூரி அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைத்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே.

இரங்கல் கூட்டத்துக்கு அறிவிப்பை யார் தட்டச்சு செய்வது என்று முடிவாகாததால் கூட்டம் இரண்டு நாள் தள்ளிப்போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஆர்த்தி தளத்தைத் திறந்து பார்த்தாள். முதல் பரிந்துரை: நிலுவையில். இரண்டாம் பரிந்துரை: நிலுவையில். நினைவூட்டல் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஒரு வாரம் கழித்தும் அதே இரண்டு வரிகள். இருபத்தெட்டாம் தேதி லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

பிரின்சிபல் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். செல்லத்துரை இந்தக் கல்லூரியின் தூண் என்றார். பிறகு உட்கார்ந்து, “நீ எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டார்.

“எலெக்ட்ரிகலுங்க சார். ரெண்டு வருசத்துக்கு முந்தி முடிச்சனுங்க. என்னோட ரெக்கமெண்டேஷன் இன்னும் போகலைங்க.”

“போயிருக்குமே. நான் எல்லாருக்கும் எழுதுவேனே.”

“நிலுவைன்னு காட்டுதுங்க சார்.”

பிரின்சிபல் கணினித் திரையைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. “செல்லத்துரைகிட்ட சொல்லி...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்தார்.

சிவதாசன் அறையில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. மேசையில் கோப்புகள் மார்பளவு உயர்ந்திருந்தன. அவர் பாலக்காட்டு மலையாளமும் தமிழும் கலந்து பேசுபவர். துக்கம் வந்தால் மலையாளம் கூடும்.

“இரிக்கு மோளே, இரிக்கு. அச்சன் போயதில் பின்னே இவிடே ஒண்ணும் நடக்கல. என்டெ மெயில் திறந்து இருபத்தஞ்சு நாளாயி. பாஸ்வேர்டு அவனுக்கல்லே தெரியும்? இன்னும் பதினாலு குட்டிகளுடே லெட்டர் பாக்கி.”

“எனக்கு முப்பத்தொண்ணு கடைசிங்க சார்.”

“ஒரு காரியம் செய். நீயே எழுதிக் கொண்டு வா. ஒப்பு நான் போடறேன்.” சற்றே முன்னால் சாய்ந்தார். “கையோட அந்தப் பதினாலும் எழுதித் தருமோ? நீ அவன்டெ மோளல்லே? கையில இருக்கும்.”

வாரிசு வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இது அதுதான் போலும், நியமன ஆணை இல்லாமல். “பாக்கறனுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கற்பகம் பீரோவைத் திறந்து ரெக்கார்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். “காலேஜ்ல இருந்து மூணு தடவ போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. நாந்தான் தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன். மனுசன் போயி ஒரு மாசம் ஆகல, நோட்டு எங்கன்னு கேக்கறானுக.”

ஆர்த்தி பக்கங்களைப் புரட்டினாள். அப்பாவின் எழுத்து அச்சுப்போல் இருந்தது. பேராசிரியர் பெயர், முகவரி, கடவுச்சொல், மாற்றிய தேதி. சிவதாசனின் கடவுச்சொல் அவர் வீட்டு நாயின் பெயர். பிரின்சிபலுடையது ‘பிரின்சிபல்’.

மடிக்கணினி பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழையலாம். இருவர் பெயரிலும் இரண்டு கடிதம் எழுதி ஏற்றிவிடலாம். ஒரு மணி நேர வேலை. முந்நூற்றுப் பதினோரு பேருக்கு அப்படித்தான் போனது, யாருக்கும் திரும்பி வரவில்லை. அப்பா எப்படி ஆரம்பிப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியும். ‘இந்த விண்ணப்பதாரரைப் பரிந்துரைப்பதில் நான் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.’ தட்டினாள். ‘நான்’ என்ற இடத்தில் விரல் நின்றது. சிவதாசன் பெருமகிழ்ச்சி அடைவதாக அவளால் எவ்வளவு முயன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அழித்தாள். தளத்தைத் திறந்தாள். ‘பரிந்துரைப்பவரை மாற்று’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பிரின்சிபலை நீக்கினாள். ஜோமோளுக்குப் போன் போட்டாள்.

“ஆர்த்தியோ! அப்பாடெ காரியம் நான் லேட்டாத்தான் அறிஞ்சேன். விளிக்கணும்னு இருந்தேன், என்ன பேசறதுன்னு தெரியல.” பின்னால் மழைச் சத்தம் கேட்டது. “சொல்லு, என்ன வேணும்?”

“ரெக்கமெண்டேஷன் வேணுங்க மிஸ். முப்பத்தொண்ணுக்குள்ள.”

“இப்பவா கேக்கறது? நீ பாஸாகி போன வருஷமே கேப்பேன்னு நினைச்சேன். டாக்டர் இல்லாதவள்கிட்ட எதுக்குன்னு விட்டுட்டியோ?”

கேட்டுவிட்டு ஜோமோள் சிரித்தார்.

“சரி, லிங்க் அனுப்பு. போர்வெல் மோட்டார் தண்ணியில்லாம ஓடினா நிறுத்தற சாதனம்தானே நீ செஞ்சது? மூணு ரிலேயைக் கருக்கினல்லோ. அதும் எழுதுவேன் கேட்டோ.”

“அது எதுக்குங்க மிஸ்?”

“நாலாமத்தது கருகலையே. அத எழுதணும்னா மூணையும் எழுதணும்.”

நாற்பது நிமிடத்தில் தளத்தில் ஒரு வரி மாறியது: பெறப்பட்டது.

முப்பதாம் தேதி காலை ஆர்த்தி நோட்டுடன் சிவதாசன் முன்னால் போய் உட்கார்ந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் நான்கு வாரமாக இல்லாத ரத்தம் வந்தது. அவள் நோட்டைக் கொடுக்கவில்லை. அவருடைய கடவுச்சொல்லை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, “இது நம்ம பட்டி பேரல்லே?” என்றார், நாயின் பெயரை யாரோ ரகசியமாகக் கண்டுபிடித்துவிட்டதுபோல.

மின்னஞ்சல் பெட்டி திறந்தது. பல்கலைக்கழகத்தின் அழைப்பைத் தேடப்போனவர் வரைவுகள் பகுதிக்குள் போய்விட்டார். அங்கே ஒரே ஒரு கடிதம் இருந்தது. தலைப்பில் ஆர்த்தியின் பெயர். தேதி ஜனவரி இரண்டு.

“பார்த்தோ! செல்லத்துரை எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்கான்” என்று சிவதாசன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

‘செல்வி ஆர்த்தியை எனக்கு இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தெரியும்.’

நிறுத்தினார். மீண்டும் படித்தார். “இருபத்துநாலோ? நான் இங்கே வந்தே பத்தொன்பதுதானே ஆகுது. செல்லத்துரை இப்படித் தப்பு விடுற ஆளில்லையே.” சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதற்கப்புறம் சத்தமாகப் படிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

கடிதம் சிறியது. பெருமகிழ்ச்சி எதுவும் இல்லை. தவறான அளவு வந்தால் முதலில் தன்னைச் சந்தேகிப்பாள், பிறகுதான் கருவியை. பேச்சில் சிக்கனம். வாதம் செய்வாள், பெரும்பாலும் அவள் சொல்வதே சரியாக இருக்கும், அதைப் பின்னால் ஒப்புக்கொள்ள நேரும். வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வைப்பேன். கடைசி வாக்கியம் பாதியில் நின்றது: ‘இவளைத் தூரத்துக்கு அனுப்புவது’. அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லை.

ஆர்த்தி இரண்டு முறை படித்தாள். ஜன்னலுக்கு வெளியே கிழக்குக் காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. சிவதாசன் தொண்டையைச் செருமினார்.

“மோளே, இது ஒண்ணாந்தரம் லெட்டர். இருபத்துநாலுல முன்னால இருக்கற ரெண்ட அழிச்சுட்டா மிச்சம் நாலு. நான் உனக்கு நாலு வருஷம் ஹெச்.ஓ.டி. கணக்கு சரியாயி. கடைசி வரிய வெட்டிடலாம். பத்தை அஞ்சாக்கலாம்.” விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். “ரெண்டு நிமிஷம்.”

அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகச் சரி. ஒரு விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினால், அவளுக்கு வாழ்நாளில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பரிந்துரை ஒரு டாக்டரின் பெயரில் நெதர்லாந்து போய்ச் சேரும். அப்பா விரும்பியதும் அதுதான்.

“வேண்டாங்க சார்.”

“எந்தா வேண்டாம்? முந்நூறு பேருக்கு இப்படித்தானே போச்சு. ஒருத்தன் குறை சொன்னானா?”

“அவங்களுக்கு எழுதினது லேப் அசிஸ்டென்டுங்க சார். எனக்கு எழுதினது எங்கப்பா. அதாஞ் சிக்கல்.”

சிவதாசன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“இத எனக்கு ஒரு பிரிண்ட் மட்டும் எடுத்துக் குடுத்துருங்க சார். நீங்க வேற எழுதுங்க.”

“நானோ?”

“நீங்கதானுங்க எனக்கு மெஷின்ஸ் நடத்தினது.”

“நான் எந்து எழுதும், மோளே? எனக்கு உன்னப் பத்தி என்ன தெரியும்?”

இவ்வளவு உண்மையான ஒரு கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டு ஆர்த்தி பார்த்ததில்லை. “கேளுங்க சார், சொல்றேன்” என்றாள்.

அவர் கேட்டார். எங்கே வேலை, என்ன வேலை, எதற்கு மேலே படிக்க வேண்டும். அவள் போர்வெல் சாதனத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் இடைமறித்தார். “அது உன் புராஜெக்டோ? அதுக்கல்லே எனக்கு மாநில அளவுல சான்றிதழ் கிடைச்சுது!” சுவரைக் காட்டினார். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ‘வழிகாட்டி: டாக்டர் சிவதாசன்’ என்று அதில் இருந்தது. சாதனத்தைச் செய்தவர் பெயர் இல்லை. ஜோமோள் பெயரும் இல்லை. சிவதாசன் எழுந்து போய் அதை முழுதாகப் படித்தார். பிறகு, “அது எப்படி வேலை செய்யும்?” என்று கேட்டார்.

அவள் ஒரு தாளில் வரைந்து காட்டினாள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். நல்ல கேள்விதான். அவருடைய பட்டம் உண்மையானது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினார். பத்தரை மணிக்கு ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கு நான்கு வரிகள் ஆகியிருந்தன. ஒரு மணிக்கு மூன்றாகக் குறைந்தன. இடையில் ‘விடாமுயற்சி’க்கு ஆங்கிலத்தில் எழுத்து சரியா என்று அவளிடமே கேட்டார். கேட்டுவிட்டு, அது வேண்டாம் என்று எடுத்தும்விட்டார்.

கடைசியில் தளம் ஒரு கேள்வியில் நின்றது. ‘விண்ணப்பதாரரைத் தாங்கள் எந்த அளவுக்கு அறிவீர்கள்?’ நான்கு பதில்கள். மிக நன்றாக. நன்றாக. ஓரளவு. சிறிதளவு.

செல்லத்துரை எல்லாருக்கும் ‘மிக நன்றாக’தான் குறிப்பார்.

சிவதாசன் சுட்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். “உள்ளது சொல்லட்டா?”

அதனால் அவளுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். “சொல்லுங்க சார்” என்றாள்.

அவர் எதைக் குறித்தார் என்று தெரியாது. அந்த நேரத்தில் மட்டும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விண்ணப்பதாரர் பார்க்கக்கூடாது என்று தளத்திலேயே போட்டிருக்கிறது என்றார். விதி ஒன்றை அவர் மேற்கோள் காட்டியதும் அந்த அறையில் அதுவே முதல்முறை.

ஆர்த்தி பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நடக்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. “இந்த மௌனிகா யாரு? மூணாம் வருஷமோ, நாலோ? லெட்டர் கேட்டிருக்கே. ஆளக் கூப்பிடு, நான் ஒண்ணு பார்க்கணும்.” அட்டெண்டர் திரும்பக் கேட்டார், நேரிலா என்று.

பேருந்தில் ஏறியதும் தளத்தைப் பார்த்தாள். முதல் பரிந்துரை: பெறப்பட்டது. இரண்டாம் பரிந்துரை: பெறப்பட்டது. முடிவு ஏப்ரல் மாதம் தெரிவிக்கப்படும்.

பெருமாட்டியில் கற்பகம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“போயிருச்சா?”

“போயிருச்சுங்மா. ஜோமோள் மிஸ் ஒண்ணு, சிவதாசன் சாரு ஒண்ணு.”

“சாரே எழுதினாரா? அவரு கையாலயா?”

“ரெண்டு வெரலாலங்மா.”

“நல்லா எழுதியிருப்பாரா?”

“சந்தேகந்தானுங்.”

“பின்ன எதுக்கு அவருகிட்டப் போன? உங்கப்பா இருந்திருந்தா உன்னத் தொலச்சிருப்பாரு.”

“தெரியுமுங்மா.” ஆர்த்தி பையிலிருந்து தாளை எடுத்தாள். “இது அப்பா எழுதினது. எனக்கு.”

கற்பகம் துணியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆர்த்தி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பேச்சில் சிக்கனம் என்ற இடத்தில் கற்பகம் தலையாட்டினாள். வாதம் செய்வாள் என்ற இடத்தில் தலையைத் தூக்கினாள்.

“அப்படியா எழுதியிருக்காரு?”

“ஆமாங்மா.”

“வகுப்புல எத்தனையாவதுன்னு போட்டிருக்காரு?”

“பத்து சதவீதத்துலன்னுங்.”

“பத்தா! நம்மூர்ல கேஸ் ஏஜென்சி வெச்சிருக்கறவன் பையனுக்கு அஞ்சு போட்டாருன்னு அவிங்கம்மா எங்கிட்டயே வந்து சொல்லுச்சே. ஊரான் புள்ளைக்கெல்லாம் அள்ளி வெச்சுப்போட்டு, பெத்த புள்ளைக்கு மட்டும் உள்ளத எழுதியிருக்காரு பாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. “கடசியில என்ன? நிறுத்திட்ட?”

“அதுக்கு மேல எழுதலைங்மா. ‘இவளைத் தூரத்துக்கு அனுப்புவது’ன்னு ஆரம்பிச்சு விட்டுட்டாரு.”

கற்பகம் தாளை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் கடைசி வரியின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். வரி எங்கே முடிகிறது என்று தேடுவதுபோல இருந்தது.

“மத்தியானம் எழுதிட்டு இருந்திருப்பாரு. எவனாவது லெட்டர் வேணும்னு வந்து நின்னிருப்பான்” என்றாள்.